கல்நார் இல்லாத பிரேக் பேடுகளில் வேளாண் கழிவும் இயற்கை நாரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கலக்காத பிரேக் பேடுகளைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், தேங்காய் நாரும் கரும்புச் சக்கையும் நெல் உமியும் கல்நாரின் இடத்தைப் பிடித்துவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். செடியில் விளைந்த நார் பிரேக்கின் சூட்டில் எப்படி நிற்கும் என்று வேறு சிலர் ஐயப்படுகிறார்கள். இரு தரப்பும் சொல்வதில் உண்மை இருக்கிறது. மாணவர்களும் பழுதுபார்ப்பவர்களும் சிறு உற்பத்தியாளர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை எடுத்துக்கொண்டு, தெரிந்தவரை விரிவாக விடை சொல்ல முயன்றிருக்கிறேன்.

பிரேக் பேடுக்குள் கல்நார் எப்படி வந்தது?

இந்தக் கதை தாவர நாரில்தான் தொடங்குகிறது. இங்கிலாந்தைச் சேர்ந்த ஹெர்பர்ட் ஃப்ரூட், 1897 வாக்கில், வண்டிச் சக்கரங்களை நிறுத்துவதற்காகப் பருத்தியில் நெய்த பட்டையைப் பிட்டுமன் (தார் போன்ற பொருள்) கரைசலில் ஊறவைத்துப் பயன்படுத்தினார். அவர் தொடங்கிய தொழில்தான் பிறகு ஃபெரோடோ என்ற பெயரில் வளர்ந்தது. அந்தப் பருத்திப் பட்டை ஏறக்குறைய 150 டிகிரி செல்சியஸ் வரைதான் தாக்குப்பிடித்தது. அதற்கு மேல் கருகியது. மோட்டார் வண்டிகளின் எடையும் வேகமும் கூடியபோது அது போதவில்லை. 1908இல் பருத்தியின் இடத்துக்குக் கிரைசோடைல் எனப்படும் வெண்கல்நார் வந்தது. 1920களில் நெய்த பட்டைகள் பின்தங்கி, சூட்டில் இறுகும் பசையான ரெசினோடு கலந்து அச்சில் அழுத்தி வார்க்கும் முறை பரவியது. அதன் பிறகு பல பத்தாண்டுகளுக்குக் கல்நார் அசைக்க முடியாத பொருளாக இருந்தது. பல கலவைகளில் எடையில் ஏறக்குறைய பாதி அதுவே.

அதற்குக் காரணங்கள் இருந்தன. கல்நார் ஒரு கனிமம் என்பதால் எரியாது. ஆனால் நாராகப் பிரியும், வளையும், இழுவையைத் தாங்கும், ரெசினோடு நன்றாகக் கலக்கும். ஏறக்குறைய 600 டிகிரிக்கு மேல்தான் அதன் படிகத்தில் பிணைந்துள்ள நீர் வெளியேறி அமைப்பு சிதையத் தொடங்கும். விலையும் குறைவு. இத்தனை பண்புகளும் கூடிய வேறொரு பொருள் இன்றுவரை கிடைக்கவில்லை, இனிக் கிடைக்கும் என்றும் நான் எதிர்பார்க்கவில்லை. கல்நாருக்கு மாற்று என்பது எப்போதும் பல பொருள்களின் கூட்டாகத்தான் இருக்கும். இதை மனத்தில் கொள்ளாமல் ஒற்றைப் பொருளைத் தேடிப் போனதால்தான் இந்தத் துறையில் பல முயற்சிகள் வீணாயின.

பிறகு ஏன் அது கைவிடப்பட்டது?

அதன் நார் நீளவாக்கில் மேலும் மேலும் நுண்ணிய இழைகளாகப் பிளந்துகொண்டே போகும். அவை மூச்சோடு நுரையீரலின் ஆழத்துக்குச் சென்றால் அங்கிருந்து வெளியேறுவதில்லை. நுரையீரல் தழும்பேறும் ஆஸ்பெஸ்டோசிஸ், நுரையீரல் புற்றுநோய், நுரையீரல் உறையைத் தாக்கும் மீசோதீலியோமா ஆகியவை இதனால் வருகின்றன. பல வேளைகளில் நார் உள்ளே போய் 20, 30 ஆண்டுகளுக்குப் பிறகே நோய் வெளிப்படுகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை எல்லா வகைக் கல்நாரையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பிரிவில் வைத்திருக்கிறது. பிரிட்டனில் 1999இலும், ஆஸ்திரேலியாவில் 2003ஆம் ஆண்டின் இறுதியிலும், ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2005இலும் தடை நடைமுறைக்கு வந்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, உதிரிச் சந்தையில் விற்கும் பிரேக் லைனிங்குகளையும் (உராய்வுப் பட்டைகளையும்) உள்ளடக்கி, 2024 மார்ச்சில் கிரைசோடைலுக்கு எதிரான விதியை வெளியிட்டது.

இன்றைய பேடில் என்னென்ன இருக்கின்றன? அதில் தாவரப் பொருளுக்கு எங்கே இடம்?

ஒரு பேடில் பத்து முதல் இருபதுக்கு மேற்பட்ட பொருள்கள் வரை இருக்கும். ஆனாலும் அவற்றின் வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எல்லாவற்றையும் பிணைப்பது பெரும்பாலும் ஃபீனாலிக் ரெசின். வலுவூட்டுவதற்கு எஃகு இழை, கனிம இழை, அராமிட் (வெப்பம் தாங்கும் செயற்கை நார்) போன்ற நார்கள். உராய்வைச் சீர்ப்படுத்தக் கிராஃபைட், உலோக சல்ஃபைடுகள். சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கின் பரப்பைச் சுரண்டித் துலக்க அலுமினா, சிர்க்கோன் போன்ற கடினத் தூள்கள். மீதமுள்ள இடத்தை நிரப்பப் பேரைட் என்ற கனத்த கனிமம், கால்சியம் கார்பனேட் போன்றவை.

தாவரப் பொருள் இவற்றுள் மூன்று இடங்களில் நுழைய முடியும். நாராக வலுவூட்டலாம், தூளாக நிரப்பலாம், எண்ணெயாகவோ லிக்னினாகவோ (மரத்துக்கு விறைப்புத் தரும் பொருள்) ரெசினின் ஒரு பகுதியாகலாம். எந்த வேலைக்காகச் சேர்க்கிறோம் என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளாமல் சேர்த்துவிட்டு, பிறகு வலிமை கூடவில்லை என்று வருந்துவதில் பயனில்லை. பொடித்த ஓட்டுத்தூள் நாரின் வேலையைச் செய்யாது.

வேளாண் கழிவைப் பேடில் சேர்ப்பது புதிய சிந்தனையா?

இல்லை. முந்திரிக் கொட்டையின் ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெய் பல பத்தாண்டுகளாக இந்தத் தொழிலில் இருந்துவருகிறது. ஓட்டின் எடையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு இந்த எண்ணெய்தான். அதிலுள்ள அனகார்டிக் அமிலம் சூடுபடுத்தும்போது கரியமில வாயுவை இழந்து கார்டனாலாக மாறுகிறது. கார்டனால் ஒரு ஃபீனால். எனவே ஃபார்மால்டிஹைடோடு வினைபுரிந்து ரெசினாகும். அதன் மூலக்கூறில் பதினைந்து கார்பன் நீளமுள்ள ஒரு வால் தொங்குவதால், கிடைக்கும் ரெசின் சாதாரண ஃபீனாலிக் ரெசினைப் போல நொறுங்காமல் சற்றே நெகிழும். இந்த ரெசினை இறுகவைத்து அரைத்த பொடியைத்தான் தொழிலில் முந்திரித் தூள் என்றும் ஃப்ரிக்‌ஷன் டஸ்ட் என்றும் சொல்கிறார்கள். அது பேடை மென்மையாக்கி, அதிர்வை உள்வாங்கி, பிரேக் பிடிக்கும்போது எழும் கிறீச்சொலியைக் குறைக்கிறது.

வேளாண் கழிவைப் பேடில் பயன்படுத்த முடியுமா என்ற கேள்விக்கு இதைவிட உறுதியான விடை கிடையாது. ஆனால் முந்திரி ஓடு அப்படியே பேடுக்குள் போகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எண்ணெயாகப் பிழிந்து, வேதிமாற்றம் செய்து, இறுகவைத்து, சலித்து, ஒவ்வொரு தொகுதியையும் சோதித்த பிறகே அது தொழில்பொருளாயிற்று. உமியும் சக்கையும் இன்னும் அந்த வழியின் தொடக்கத்தில்தான் நிற்கின்றன.

எந்தெந்தக் கழிவுகளும் நார்களும் ஆராயப்பட்டிருக்கின்றன?

பட்டியல் நீளமானது: தேங்காய் நார், தேங்காய்ச் சிரட்டை, கரும்புச் சக்கை, நெல் உமி, உமிச் சாம்பல், எண்ணெய்ப்பனைக் கொட்டையின் ஓடு, வாழைத்தோல், வாழை நார், சணல், ஆளிச் செடியின் நார், கெனாஃப், மூங்கில், அன்னாசி இலை நார், வாதுமை வகைகளின் ஓடு, சோளத் தோகை. எண்ணெய்ப்பனை ஓடு, கரும்புச் சக்கை, வாழைத்தோல் ஆகியவற்றில் நைஜீரிய ஆய்வாளர்கள் நிறைய உழைத்திருக்கிறார்கள். இவற்றையெல்லாம் ஒரே வகையாக எண்ணுவது தவறு. ஒவ்வொன்றின் இயல்பும் வேறு.

தேங்காய் நாரில் லிக்னின் மிகுதி, எடையில் 40 விழுக்காட்டை ஒட்டி இருக்கும். இழுத்தால் அறுவதற்கு முன் நன்றாக நீளும். ஆனால் இழுவலிமை குறைவு, இழையும் தடிமனானது. சணலும் ஆளி நாரும் செல்லுலோஸ் மிகுந்தவை. வலிமையும் விறைப்பும் உடையவை. ஆனால் ஈரத்தை எளிதில் உறிஞ்சும். சிரட்டையும் பனைக்கொட்டை ஓடும் அடர்த்தியும் கடினமும் உள்ள லிக்னின் பொருள்கள். இவற்றை நிரப்பியாகக் கருதுவதே பொருந்தும். கரும்புச் சக்கையில் நாரும் உண்டு, பஞ்சு போன்ற சோறும் உண்டு. சோற்றை நீக்காவிட்டால் அது ரெசினை உறிஞ்சிக்கொள்ளும்.

நெல் உமி தனிப்பிறவி. எரித்தால் எடையில் 15 முதல் 20 விழுக்காடு சாம்பலாக மிஞ்சும். அந்தச் சாம்பலில் பெரும்பகுதி, பல மாதிரிகளில் 90 விழுக்காட்டை ஒட்டி, சிலிக்காதான். அதாவது உமியைச் சேர்க்கும்போது நாம் ஒரு சுரண்டு தூளையும் சேர்க்கிறோம். உராய்வு கூடும், அளவு மீறினால் டிஸ்க்கும் தேயும்.

கோழிமுட்டை ஓடு, நத்தை ஓடு, கடற்சிப்பி ஆகியவையும் இந்தப் பேச்சில் அடிக்கடி வருகின்றன. அவை பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அந்தக் கார்பனேட் ஏற்கெனவே வழக்கில் உள்ள நிரப்பி என்பதால், தூய்மையும் துகள் அளவும் சரியாக இருந்தால் தடையில்லாமல் பொருந்தும்.

பிரேக்கின் சூட்டில் தாவர நார் எரிந்துபோகாதா?

எல்லாக் கேள்விகளுக்கும் நடுவில் இருப்பது இதுதான். தாவர நாரின் மூன்று கூறுகளும் மூன்று விதமாகச் சிதைகின்றன. ஹெமிசெல்லுலோஸ் ஏறக்குறைய 220 முதல் 315 டிகிரிக்குள் சிதைந்துவிடும். செல்லுலோஸ் 315க்கும் 400க்கும் இடையில் வேகமாகச் சிதையும். லிக்னின் 160 டிகிரியிலேயே மெல்லத் தொடங்கி 900 வரை நிதானமாகச் சிதைந்து, நிறையக் கரியை விட்டுச் செல்லும். நகர ஓட்டத்தில் பேடின் பரப்பு பெரும்பாலான நேரம் 200 டிகிரியைத் தாண்டுவதில்லை. பாரம் ஏற்றிய வண்டி மலைப்பாதையில் தொடர்ந்து பிரேக் பிடித்தபடி இறங்கினால் 400 டிகிரியைக் கடப்பது அரிதன்று. ஆகவே எளிய ஓட்டத்தில் நார் நாராகவே இருக்கிறது. கடும் ஓட்டத்தில் பரப்பை ஒட்டிய படலத்தில் அது நாராக இருக்க முடியாது.

நார் சிதையும்போது இரண்டு விளைவுகள் நேர்கின்றன. முதலாவது, நீராவியும் தாரும் பிற வாயுக்களும் வெளியேறுகின்றன. அவை பேடுக்கும் டிஸ்க்குக்கும் இடையே சிக்கிக்கொண்டால் பிடி தளர்ந்து, மிதியை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி எதிர்பார்த்தபடி நிற்காது. தொழிலில் இதை ஃபேட் என்பார்கள். தாவர நாரைப் பயன்படுத்தும் எவரும் முதலில் அஞ்ச வேண்டியது இதற்குத்தான். இரண்டாவது, நார் இருந்த இடத்தில் நுண்துளையும் கரியும் மிஞ்சுகின்றன. அந்தத் துளைகள் பின்னால் வரும் வாயுவுக்கு வழிவிடும், இது நன்மை. கரியோ மசகு போல உராய்வைக் குறைக்கும். ஆனால் பேடு குளிர்ந்த பின் நடக்கும் சில பிரேக்குகளிலேயே அந்தக் கருகிய படலம் தேய்ந்து புதிய பரப்பு வெளிவருவதால் பிடி பெரும்பாலும் மீண்டுவிடும். மீளும் பண்பு நன்றாக இருப்பதைக் காட்டி, சூட்டில் தளர்ந்ததை மறைக்கக் கூடாது. மலையில் இறங்கும் ஓட்டுநருக்குப் பிடி தேவைப்படுவது குளிர்ந்த பிறகு அல்ல.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். பேடை இணைக்கும் ஃபீனாலிக் ரெசினும் கரிமப் பொருளே; அதுவும் 300 டிகிரிக்கு மேல் மெல்லச் சிதையும். அப்படியிருந்தும் பேடுகள் வேலை செய்கின்றன. ஏனெனில் சூடு பரப்புப் படலத்தில் குவிகிறது, அடியிலுள்ள பகுதி அதைவிடக் குளிர்ந்தே இருக்கிறது, பரப்பில் சூட்டைத் தாங்கும் கனிமமும் உலோகமும் திட்டுகளாக நின்று சுமையை ஏற்கின்றன. தாவர நாரும் அந்தத் திட்டுகளின் துணையோடுதான் பிழைக்க முடியும். பாசால்ட் இழை, பாறைக்கம்பளி, வொலாஸ்டனைட், சிறிதளவு அராமிட் ஆகியவற்றோடு சேர்ந்தால் அது பயனுள்ள உறுப்பினர். தனித்து நின்றால் 1897ஆம் ஆண்டின் பருத்திப் பட்டைக்கு நேர்ந்ததே அதற்கும் நேரும்.

எவ்வளவு சேர்க்கலாம்?

நாராகச் சேர்க்கும்போது, வெளிவந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை எடையில் 5 முதல் 10 விழுக்காட்டுக்குள் நல்ல விளைவைக் கண்டிருக்கின்றன. அதற்கு மேல் போனால் நார்கள் ஒன்றோடொன்று சிக்கி உருண்டையாகின்றன, ரெசின் அவற்றுக்குள் ஊடுருவுவதில்லை, தேய்மானம் ஏறுகிறது, சூட்டில் பிடியும் தளர்கிறது.

எடை விழுக்காடு என்பதில் ஒரு பொறி இருக்கிறது. பேரைட்டின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 4.4 கிராம், தேங்காய் நாரின் அடர்த்தி 1.2 கிராமை ஒட்டியது. நூறு கிராம் கலவையில் பத்து கிராம் பேரைட்டை எடுத்துவிட்டுப் பத்து கிராம் நாரை வைத்தால், 2.3 கன சென்டிமீட்டர் இடத்திலிருந்த பொருளுக்குப் பதில் 8.3 கன சென்டிமீட்டர் பொருள் வந்து உட்காருகிறது. கலவையின் மொத்தப் பருமன் வீங்குகிறது. ரெசினின் பருமப் பங்கும், மசகுப் பொருளின் பங்கும், சுரண்டு தூளின் பங்கும் சொல்லாமலே குறைந்துவிடுகின்றன. பிறகு வரும் மாற்றம் நாரினால் வந்ததா, ரெசின் பற்றாக்குறையால் வந்ததா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆகவே கலவையைப் பருமக் கணக்கில் வடிவமைத்து, கடைசியில் எடையாக மாற்றிக்கொள்வதே சரியான முறை. இந்த ஒரு திருத்தத்தைச் செய்தாலே, ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றும் பல முடிவுகளுக்குக் காரணம் விளங்கும் என்று நினைக்கிறேன்.

நாரை அப்படியே வெட்டிச் சேர்க்கலாமா?

கூடாது. தாவர நாரின் மேற்பரப்பில் மெழுகும் பெக்டினும் படிந்திருக்கும். ரெசின் அதில் ஒட்டாது. வழக்கமான முறை, ஏறக்குறைய 5 விழுக்காடு சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் சில மணி நேரம் ஊறவைத்து, நன்றாக அலசி, காயவைப்பது. இதனால் மெழுகும் ஹெமிசெல்லுலோஸின் ஒரு பகுதியும் நீங்கி, பரப்பு சொரசொரப்பாகி, ரெசின் பிடித்துக்கொள்ள இடம் கிடைக்கிறது. ஹெமிசெல்லுலோஸ்தான் சூட்டில் முதலில் சிதைவது என்பதால் வெப்பத்தாங்குதிறனும் சற்று உயர்கிறது. காரம் கூடினாலோ நேரம் நீண்டாலோ செல்லுலோஸே பழுதாகி நார் வலிமை இழக்கும். அலசிய கழிவுநீரைச் சமன்செய்யாமல் வெளியே விட்டால், சுற்றுச்சூழலுக்காகத் தொடங்கிய வேலை அதற்கே கேடாக முடியும். நாரையும் ரெசினையும் இணைக்கும் சிலேன் பூச்சும் வழக்கில் உண்டு, செலவு கூடுதல்.

ஈரம் இரண்டாவது எதிரி. சாதாரண அறைக்காற்றிலேயே தாவர நார் தன் எடையில் 8 முதல் 12 விழுக்காடு வரை ஈரத்தை வைத்திருக்கும். சூடான அச்சுக்குள் அந்த ஈரம் ஆவியாகிப் பேடுக்குள் கொப்புளங்களையும் விரிசல்களையும் உண்டாக்கும். கலப்பதற்குச் சற்று முன்பு 100 டிகிரியை ஒட்டி உலர்த்தி, ஆறியதும் காற்றுப் புகாமல் வைத்திருந்து பயன்படுத்த வேண்டும்.

துகளின் அளவு முக்கியமா?

தூளாகச் சேர்க்கும் பொருள்களில் மிகவும் முக்கியம். நைஜீரியாவில் நடந்த கரும்புச் சக்கை ஆய்வு ஒன்றில், பல சல்லடை அளவுகளை ஒப்பிட்டபோது, 100 மைக்ரான் அளவிலிருந்த மிக நுண்ணிய தூளே நல்ல பண்புகளைத் தந்தது. நுண்ணிய தூள் ரெசினுக்குள் சீராகப் பரவி, வெற்றிடங்களைக் குறைக்கிறது என்பதே காரணம்.

உற்பத்தியில் என்ன மாற்றம் வேண்டும்?

அடிப்படை முறை மாறுவதில்லை: உலர்கலவை, முன்வடிவம், 150 டிகிரியை ஒட்டிய சூட்டில் அழுத்தி வார்த்தல், அடுப்பில் பல மணி நேரம் பதப்படுத்தல், தீட்டுதல். ரெசின் இறுகும்போது நீராவியும் அம்மோனியாவும் வெளிவருவதால், அச்சைச் சில நொடிகள் திறந்து மூடிக் காற்று விடுவது எல்லாப் பேடுகளுக்கும் உண்டு. தாவர நார் இருந்தால் இதைக் கூடுதலான முறை செய்ய வேண்டும். அடுப்பில் பதப்படுத்தும் சூட்டை 200 டிகிரிக்குக் கீழே வைத்துக்கொள்வது நல்லது. நீண்ட நேரச் சூட்டில் நார் நொறுங்கும் தன்மை பெறுகிறது. கலக்கும் இயந்திரத்தின் கத்தி நாரைப் பொடியாக்கிவிடாமல், தூள்களை முதலில் கலந்து நாரைப் பிறகு சேர்ப்பது, அல்லது நாரை மட்டும் முதலில் மெல்லப் பிரித்துவிடுவது, இரண்டையும் செய்து பார்த்தே முடிவெடுக்க வேண்டும்.

"கல்நார் பேடுக்கு இணையானது" என்று சொல்லும் ஆய்வு முடிவுகளை எப்படி வாசிப்பது?

முதலில், எந்தச் சோதனை என்று பாருங்கள். சுழலும் தட்டின் மேல் ஒரு சிறு முளையை அழுத்தித் தேய்க்கும் பின்-ஆன்-டிஸ்க் சோதனை எளியது, மலிவானது, மாணவர் ஆய்வுகளில் மிகப் பரவலானது. ஆனால் அதில் சுமை குறைவு; பெரும்பாலும் அறைச்சூட்டிலேயே நடக்கும். அந்தச் சூட்டில் மரத்துண்டுகூட நல்ல உராய்வைக் காட்டும். அது பொருள்களை ஒன்றோடொன்று ஒப்பிட உதவும். பேடின் தகுதிக்குச் சான்றாகாது.

அடுத்த படி சேஸ் சோதனை. எஸ்.ஏ.இ. என்ற வாகனப் பொறியாளர் சங்கத்தின் ஜே661 முறைப்படி, ஓரங்குலச் சதுரத் துண்டைச் சுழலும் டிரம்மின் உட்புறத்தில் அழுத்தி, படிப்படியாகச் சூடேற்றி, முதல் சுற்றில் ஏறக்குறைய 289 டிகிரி வரையும் இரண்டாம் சுற்றில் 343 டிகிரி வரையும் கொண்டுபோய், ஒவ்வொரு கட்டத்திலும் உராய்வுக் குணகத்தை அளப்பார்கள். செல்லுலோஸ் சிதையும் எல்லைக்குள் இந்தச் சூடு நுழைவதால், தாவர நார் கலவையின் உண்மை இங்கேதான் தெரியத் தொடங்கும். பேடின் விளிம்பில் அச்சிட்டிருக்கும் இரண்டு எழுத்துகள் இத்தகைய அளவீட்டிலிருந்தே வருகின்றன. முதல் எழுத்து சாதாரணச் சூட்டின் உராய்வு, இரண்டாவது கடும் சூட்டின் உராய்வு. இ என்றால் 0.25 முதல் 0.35, எஃப் என்றால் 0.35 முதல் 0.45, ஜி என்றால் 0.45 முதல் 0.55. முதல் எழுத்து எஃப், இரண்டாவது இ என்றிருந்தால் அந்தப் பேடு சூட்டில் தளர்கிறது என்று பொருள்.

இதற்கும் மேலே, முழுப் பேடையும் பேடை அழுத்தும் உண்மையான காலிப்பரில் பொருத்திச் சோதிக்கும் டைனமோமீட்டரும், பிறகு சாலை ஓட்டமும் இருக்கின்றன. ஒட்டியிருக்கும் உலோகப் பின்தகட்டிலிருந்து பேடு பிய்ந்துவராமல் இருக்கிறதா என்று பார்க்கும் வெட்டுவிசைச் சோதனையையும், அழுத்தத்தில் எவ்வளவு சுருங்குகிறது என்று பார்க்கும் சோதனையையும் பல ஆய்வுகள் விட்டுவிடுகின்றன. இவை உயிரைக் காப்பவை, விடக் கூடாதவை.

இரண்டாவதாக, எதோடு ஒப்பிட்டார்கள் என்று பாருங்கள். கல்நார் பேடோடு ஒப்பிடுவதால் இன்று பயனில்லை. இன்று சந்தையில் விற்கும் நல்ல கல்நாரற்ற பேடோடு ஒப்பிட்டால்தான் அந்த முடிவுக்கு மதிப்பு உண்டு.

சத்தம் குறையுமா?

பொதுவாகக் குறையும். தாவர நாரும் ஓட்டுத்தூளும் அதிர்வை உள்வாங்குகின்றன, துளைகளும் உதவுகின்றன.

பேடு வெப்பத்தைக் கடத்தாமல் இருப்பது நல்லதா, கெட்டதா?

இரண்டும்தான். தாவர நார் வெப்பத்தை மிக மெதுவாகக் கடத்தும். அதனால் சூடு பின்தகட்டைத் தாண்டிப் பிரேக் ஆயில்வரை போவது குறைகிறது. டாட் 3 வகை ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி. ஈரம் சேர்ந்த பிறகு 140 டிகிரி வரை இறங்கிவிடலாம். அது கொதித்தால் மிதி அடிவரை போய்விடும் என்பதால் இந்தத் தடுப்பு உண்மையான நன்மை. மறுபக்கம், வெளியேற வழியில்லாத சூடு பரப்பிலேயே தேங்கி, நாரின் சிதைவை விரைவுபடுத்துகிறது. சிறிது உலோக இழையோ கிராஃபைட்டோ சேர்த்து இதைச் சமன்செய்ய வேண்டியிருக்கிறது.

இயற்கைப் பொருள் என்பதால் அதன் தூசி தீங்கற்றதுதானே?

இந்த எண்ணத்தை விட்டுவிட வேண்டும் என்று வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். கல்நாரும் இயற்கையில் கிடைத்த பொருள்தான். உமியை ஏறக்குறைய 700 டிகிரிக்குள் எரித்தால் அதிலுள்ள சிலிக்கா படிக வடிவம் இல்லாமல் இருக்கும். கட்டுப்பாடில்லாமல் மிகுந்த சூட்டில் எரித்தால் கிரிஸ்டோபலைட் என்ற படிகச் சிலிக்கா உண்டாகலாம். மூச்சோடு போகும் அளவிலுள்ள அந்தத் தூள், கல்நாரைப் போலவே முதல் பிரிவில் வைக்கப்பட்ட புற்றுநோய்க் காரணி. உமிச் சாம்பலை வாங்குபவர், அது எந்தச் சூட்டில் எரிக்கப்பட்டது என்று கேட்க வேண்டும். படிகம் இருக்கிறதா என்று காட்டும் எக்ஸ்-கதிர் விளிம்புவிலகல் சோதனையின் அறிக்கையைப் பார்க்க வேண்டும்.

பூஞ்சை பிடித்த கரும்புச் சக்கையின் தூசியால் பகாசோசிஸ் என்ற நுரையீரல் நோயும், பருத்தித் தூசியால் பைசினோசிஸும் வருகின்றன. முந்திரி ஓட்டின் பச்சை எண்ணெய் பட்டால் தோல் வெந்து கொப்புளிக்கும். தொழிற்கூடத்தில் தூசி உறிஞ்சியும் முகக்கவசமும் கையுறையும் தாவரப் பொருளுக்கும் கட்டாயம்.

தேய்மானத் தூசிக்கு வந்தால், ஐரோப்பிய ஒன்றியத்தின் யூரோ 7 விதி முதன்முறையாகப் பிரேக் தூசிக்கே வரம்பு வைத்திருக்கிறது: கார்களில் ஒரு கிலோமீட்டருக்கு 7 மில்லிகிராம், முழு மின்காருக்கு 3 மில்லிகிராம். கலிஃபோர்னியா, வாஷிங்டன் மாநிலங்கள் 2010இல் இயற்றிய சட்டங்களின்படி, பேடிலுள்ள செம்பு 2025 முதல் 0.5 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். மழைநீரோடு ஆறுகளில் கலக்கும் செம்பு மீன்களைப் பாதிப்பதே காரணம். தாவர நார் செம்பின் வேலையைச் செய்யாது. ஆனால் செம்பும் கன உலோகங்களும் விலகிய இடத்தில் புதிய கூட்டுகளைத் தேடும்போது அதற்கும் ஒரு வாய்ப்பு பிறந்திருக்கிறது.

கழிவு மலிவானது, அப்படியானால் பேடும் மலிவாகுமா?

வயலில் கிடக்கும்போது மலிவு. சேகரித்து, உலர்த்தி, காரத்தில் பதப்படுத்தி, வெட்டி, சலித்து, பூஞ்சை பிடிக்காமல் சேமித்து வைப்பதற்குள் அந்த மலிவின் பெரும்பகுதி கரைந்துவிடும். பேரைட்டுக்குப் பதிலாக வைத்தால் லாபம் சொற்பம். விலையுயர்ந்த அராமிட் நாரின் ஒரு பகுதிக்குப் பதிலாக வைக்க முடிந்தால்தான் கணக்கு உண்மையில் நிற்கும்.

இதைவிடப் பெரிய இடர், ஒரே சீர்மை இல்லாதது. தேங்காய் நாரின் விட்டம் 100 மைக்ரானிலிருந்து 450 மைக்ரான் வரை மாறுகிறது. செடியின் வகை, மண், அறுவடைப் பருவம், ஊறவைத்த நாள்கள் ஆகிய ஒவ்வொன்றும் நாரின் இயல்பை மாற்றுகின்றன. இந்த மாதம் செய்த பேடும் அடுத்த ஆண்டு செய்யும் பேடும் ஒன்றுபோல வண்டியை நிறுத்த வேண்டும். ஆகவே ஒவ்வொரு தொகுதிக்கும் ஈரம், சாம்பல், நீளம், வெப்ப எடையிழப்பு ஆகியவற்றை அளந்து, வரம்புக்கு வெளியே இருப்பதைத் தயங்காமல் ஒதுக்கும் ஒழுங்கு வேண்டும்.

மின்வாகனங்களுக்கு இவை பொருந்துமா?

நம்பிக்கை தரும் இடம் இதுவே. மின்வாகனம் வேகம் குறையும்போது மோட்டாரே ஆற்றலைத் திரும்பப் பெற்றுக்கொள்வதால், உராய்வுப் பிரேக்குக்கு வேலை குறைந்து, சூடும் குறைகிறது. தாவர நாரின் பெரும் குறை அங்கே தணிகிறது. அதே சமயம், அரிதாகப் பயன்படும் டிஸ்க்கில் துரு ஏறும்; பேடு நாள்கணக்கில் ஈரக்காற்றில் நிற்கும். ஈரம் உறிஞ்சும் நாருக்கு அது புதிய சோதனை. அவசரத்தில் முழு வேகத்திலிருந்து நிறுத்த வேண்டிய கடமையும் மாறவில்லை.

வீட்டிலோ சிறு பட்டறையிலோ இப்படிப் பேடு செய்து வண்டியில் மாட்டலாமா?

மாட்டக் கூடாது. மாதிரித் துண்டுகள் செய்து ஆய்வுக்கருவியில் சோதிப்பது கல்வி. சோதிக்காத பேடைச் சாலையில் ஓட்டுவது, தன் உயிரோடு எதிரே வருபவர் உயிரையும் பணயம் வைப்பது.

பழைய வண்டியின் பேடில் கல்நார் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. நுண்ணோக்கிச் சோதனைதான் உறுதி சொல்லும். அதுவரை, பழைய வண்டியின் பிரேக்கிலுள்ள ஒவ்வொரு தூசியையும் கல்நார் தூசியாகவே எண்ணிக் கையாள வேண்டும். டிரம்மைக் கழற்றியதும் காற்றுக் குழாயால் ஊதுவது பட்டறைகளில் காணும் மிக ஆபத்தான பழக்கம். உலர்ந்த தூரிகையால் தட்டுவதும் அப்படியே. தண்ணீரையோ பிரேக் துப்புரவுத் திரவத்தையோ மெல்லத் தெளித்து, தூசி முழுவதும் நனைந்த பிறகு ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியை ஈரமாகவே கெட்டியான பையில் கட்டி, அபாயக் கழிவுக்குரிய வழியில் ஒப்படைக்க வேண்டும். பழைய லைனிங்கைத் தீட்டவோ துளையிடவோ கூடாது. வேலை உடையை வீட்டுக்கு எடுத்துச் சென்று குடும்பத்தினரின் துணிகளோடு சேர்த்துத் துவைக்கவும் கூடாது. கல்நார் ஆலைத் தொழிலாளரின் உடையைத் துவைத்த மனைவிமாருக்கே மீசோதீலியோமா வந்திருக்கிறது.